பியூலாவின் அளவு

ஜனவரி 7, புதன்

மூடுபனி. எதிர் பிளாக்கே தெரியவில்லை. பால் வாங்க மகன் போனான். ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலை ஜெபத்தில் பேரப்பிள்ளைகளுக்கு ஸ்தோத்திரம், வழக்கம் போல பேர் பேராக.

ரூபன் – புனேயில் இன்ஜினியர். இந்த வயதிலேயே அவனுக்குக் கீழே ஆட்கள். ஸ்தோத்திரம்.

ஷைனி – குர்காவ்ன் கம்பெனியில் வேலை, சேர்ந்த வருஷமே ப்ரமோஷன். பாடகர் குழுவில் முன் வரிசை. ஸ்தோத்திரம்.

பியூலா – ஷைனிக்கு மூத்தவள். நான் வளர்த்தவள். அயர்லாந்தில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை பார்த்துக்கொண்டே மேல்படிப்பு, அதுவும் மெடலோடு. அடுத்த மாதம் பட்டமளிப்பு. எங்கள் குடும்பத்தில் கடல் தாண்டி மேடை ஏறுகிற முதல் ஆள். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.

நான் அஞ்சாம் வகுப்பு. அதையும் எழுதி வைக்கிறேன்.

பட்டமளிப்புக்கு இங்கிருந்து யாரும் போவதாக இல்லை. மகனுக்கு ஆபீஸ். மருமகள் சுகந்தியும் நர்ஸ்தான், லீவு கிடையாது. எனக்கு முட்டி வலி. அன்றைக்கு பியூலா உடுத்துகிற துணியாவது நான் எடுத்ததாக இருக்கணும். இங்கே இருந்தவரை ஒரு கிறிஸ்மஸும் தப்பினதில்லை, அவளுக்குத் துணி நான்தான். போய் நாலு வருஷம். நாலு கிறிஸ்மஸ் போச்சு.

ஷைனியிடம் சொன்னேன். கடைக்கே போக வேண்டாமாம். போனிலேயே ஆள் இருக்கிறார்களாம், என்ன விசேஷம், யாருக்கு என்று சொன்னால் பார்த்துப் பார்த்து எடுத்துத் தருவார்களாம். "ஸ்டைலிஸ்ட்னு சொல்வாங்க ஆச்சி. நம்ம செக்டர்ல துணி தைக்கிற தர்ஜி மாதிரி சண்டை, ஜகடான்னு பண்ணமாட்டாங்க."

அக்காவிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். அளவை மம்மியிடம் கேட்டுக்கோங்க என்று சொல்லிவிட்டு ஆபீஸ் கிளம்பினாள்.

பி.பி. மாத்திரை தீரப் போகிறது.

ஜனவரி 8, வியாழன்

துணி எடுத்துத் தருகிற அந்தப் பெண் போன் பண்ணினாள். ரீத்து என்று பேர். நல்ல மரியாதை, வாய்க்கு வாய் ஆன்ட்டி ஜி. என் ஹிந்தியைக் கேட்டு தில்லியில் பிறந்தவளா என்றாள். வந்து நாற்பது வருஷம் ஆச்சு மகளே என்றேன்.

கேள்வி மேல் கேள்வி.
உயரம். நிறம். தோள், மார்பு, இடுப்பு.
பகல் விசேஷமா, ராத்திரியா.
கை வைத்ததா, இல்லாததா. (வைத்ததுதான். முழங்கைக்குக் கீழ் வரை.)
உருவம் ஆப்பிளா, பேரிக்காயா. இது எனக்குச் சிரிப்பு. பட்டம் வாங்கப் போகிற பிள்ளையைப் பழவண்டியில் தேடுகிறாள். ஆப்பிளும் இல்லை பேரிக்காயும் இல்லை, கொடி என்றேன்.

அளவை சுகந்தியிடம் ஏன் கேட்கணும்? திவான் கட்டிலின் மேல்பலகையைத் தூக்கி உள்ளே இருந்து பியூவின் கிரீம் ப்ளவுஸை எடுத்தேன். நர்ஸிங் முடித்த அன்று சேலையோடு போட்டது. டேப் வைத்து அளந்து சொல்லிவிட்டேன். அளந்து முடித்தும் மடிக்க மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் மடியிலேயே கிடந்தது.

போட்டோவும் கேட்டாள், சமீபத்தில் எடுத்ததாக. அயர்லாந்து போன அன்று ஏர்போர்ட்டில் எடுத்ததை அனுப்பினேன். டிராலி பக்கம் நீலச் சுடிதாரில் நிற்கிறாள், என் சால்வை அவள் தோளில். இது இப்போ எடுத்ததுதானே என்று திரும்பக் கேட்டாள். ஆமாம் என்றேன். பொய் சொல்கிறோம் என்று தோன்றவே இல்லை. எனக்கு அது போன வாரம் மாதிரித்தான்.

ஜனவரி 11, ஞாயிறு

கோவிலில் ஆராதனை முடிந்து டீ. எஸ்தர் அக்கா பியூவைக் கேட்டாள். ஏர்போர்ட் படத்தைக் காட்டினேன். "இன்னும் கொடி மாதிரியேதான் இருக்காளா?" என்றாள். "அங்க என்ன தின்னாலும் ஒட்டாதுக்கா, என் உடம்பு வாகு" என்றேன். பக்கத்தில் சுகந்தி. கப்பை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். டூட்டி முடிந்து வந்த அசதி என்று நினைத்தேன்.

மத்தியானம் ரீத்து மூன்று படம் அனுப்பினாள், எல்லாம் கால் வரை நீள கவுன். ஒன்று கறுப்பு – வேண்டவே வேண்டாம். ஒன்றுக்கு முதுகே இல்லை. மூன்றாவது கத்தரிப்பூ நிறம், கழுத்தோரம் சின்ன முத்து வேலை. இதுதான்.

நேரே அயர்லாந்துக்கே அனுப்பலாமே என்றாள். இல்லை, முதலில் என் கைக்கு வரணும். எங்கள் வீட்டில் புதுத்துணியை வேதப்புத்தகத்துக்கு அடியில் வைத்து ஜெபம் பண்ணாமல் யாரும் உடுத்துவதில்லை. ரீத்துவின் பாட்டியும் சாமி முன்னால் வைத்துவிட்டுத்தான் கொடுப்பாளாம். உடனே சரி என்றாள். மாதக் கடைசியில் எங்கள் சபை செல்வியின் மகள் அயர்லாந்து திரும்புகிறாள், அவளிடம் கொடுத்துவிடலாம்.

பியூ போன் பண்ணினாள். பஸ்ஸில் இருந்து. முகம் மட்டும் தெரிந்தது, அதிலும் பாதி தொப்பி. என்ன ஆச்சி, சிரிப்பா இருக்கீங்க என்றாள். ஒண்ணுமில்ல என்றேன்.

ஜனவரி 17, சனி

வெயில் எட்டிப் பார்த்தது. மெத்தைகளைக் காயப்போட்டேன்.

கவுன் வந்தது. படத்தை விட நேரில் அழகு. ஜெபம் பண்ணி, கட்டிலில் விரித்து, கை மடிப்பை நேராக்கி வைத்தேன். ஆள் படுத்திருக்கிற மாதிரியே இருந்தது. சுகந்தி டூட்டியில் இருந்து வந்ததும் கூப்பிட்டுக் காட்டினேன்.

பார்த்தாள். இடுப்புப் பக்கம் கையை விரித்து ஜாண் போட்டாள்.

"அளவு யாரு சொன்னா அத்தை?"

"நாந்தான். கிரீம் ப்ளவுஸ் இருக்குல்லா."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவ இப்ப அந்த அளவு இல்ல அத்தை."

அப்புறம் மெல்ல மெல்லச் சொன்னாள். அயர்லாந்து போய் இரண்டாம் வருஷம் தைராய்டாம். மாத்திரை, ராத்திரி டூட்டி, நேரம் கெட்ட நேரத்தில் ரொட்டி. உடம்பு நன்றாகப் போட்டுவிட்டதாம். மற்றபடி சுகம்தானாம். முழுப் படம் எடுத்தால் ஆச்சிக்கு மட்டும் காட்டிராதீங்க என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

ஏன் என்று கேட்டேன்.

"'சர்ச்ல எல்லார்ட்டயும் ஆச்சி என்னைக் கொடி கொடின்னு சொல்லிட்டிருக்காங்க, இப்படிப் பாத்தா அவங்க முகம் வாடிரும்'னு சொன்னா அத்தை."

தோசை ஊற்றப் போனேன். முதல் தோசை கருகிவிட்டது.

ஷைனிக்கும் தெரியுமாம். அளவு மம்மி கொடுத்ததுன்னு நினைச்சேன் ஆச்சி என்று அழுதாள்.

ஜனவரி 18, ஞாயிறு

கோவிலில் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் போனை எடுக்கவில்லை.

கவுனை இன்னும் மடிக்கவில்லை. இதற்குள் அடங்குகிற பிள்ளை இப்போது எங்கேயும் இல்லை. சனிக்கிழமை சனிக்கிழமை அவள் முதுகில் எண்ணெய் தேய்த்த கை இது. தோள் இத்தனை, தோள்பட்டை எலும்பு இங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இப்போது அந்த முதுகு எப்படி இருக்கும்? கை எவ்வளவு தூரம் போகும்? தெரியவில்லை. பிள்ளை குண்டானது எனக்குத் துக்கமே இல்லை. எனக்குத் தெரியாமல் ஆனதுதான்.

சாயங்காலம் போன். வழக்கம் போல முகம் மட்டும். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடி பியூ என்றேன். கை வலிக்கி ஆச்சி என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு மட்டும் மாறவே இல்லை. சரி, வலிச்சா வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 19, திங்கள்

மறுபடி பனி. ரீத்துவிடம் நானே பேசினேன். பேத்திக்குக் கொள்ளாது, தப்பு என்னுது என்றேன். ஒன்றும் குறைவாகப் பேசவில்லை. திருப்பி எடுத்துக்கொண்டு அதே நிறத்தில் வேறு அனுப்புகிறாளாம். சரியான அளவு வேணும், புதுப் படமும் வேணும், சீக்கிரம் என்றாள். இந்தத் தடவை அளவு அவளே சொல்லுவா என்றேன்.

ப்ளவுஸை திவானுக்குள் வைக்கவில்லை. சின்னவள் ஷைனிக்குச் சரியாக இருக்கிறது, போட்டுக்கட்டும்.

பியூவுக்கு வாய்ஸ் அனுப்பணும். இரண்டு தடவை அமுக்கி இரண்டு தடவையும் பாதியில் அழித்துவிட்டேன். எழுதி வைத்து வாசிக்கலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

பியூ, ஆச்சி பேசுகிறேன். மேடைக்கு உனக்கு ஒரு கவுன் எடுத்தேன், பழைய அளவில். கொள்ளாது. அம்மா எல்லாம் சொல்லிட்டா. அவளைத் திட்டாதே. மாத்திரையை வெறும் வயிற்றில் போடுகிறாயா? என் முகம் வாடவில்லை, வந்து பார். வர முடியாது, தெரியும். எஸ்தர் அக்கா கேட்டால் என் பேத்தி நல்லாப் பூரிச்சிருக்கா என்று நானே சொல்லுவேன். துணி எடுக்கிற பெண்ணுக்கு உன் அளவை ஷைனியிடம் சொல்லிவிடு. எனக்கு அளவு வேண்டாம். ஒரு படம் எடு. தலையில் இருந்து கால் வரை, தொப்பி இல்லாமல், நேராக நின்று. போனில் வந்தால் இங்கே எல்லாரும் எனக்கு முன்னால் பார்த்துவிடுவார்கள். பிரிண்ட் போட்டு, கவரில் என் பேர் எழுதி, தபாலில் போடு மக்கா.