நாள் முழுக்கப் போட்டிருந்த சட்டை

ஜூன் 3

அன்புள்ள பாபினுக்கு,

குல்லா வைத்த சட்டைக்குத் துணி வெட்டும் பேட்டர்ன் தாள் இதோடு இருக்கிறது. மூன்று வயது அளவு, உன் மகளுக்குக் கச்சிதமாக இருக்கும். ஏன் தபாலில் அனுப்புகிறேன் என்று உனக்கே தெரியும். போன தடவை உன் பிரிண்டர் சுருக்கி அடித்ததில் வந்தது பொம்மைக்கான பாவாடை!

நம் ஆன்லைன் தையல் குழுவின் வழக்கமான விதிதான். தைத்து, பிள்ளைக்கு ஒரு நாள் முழுக்கப் போட்டுவிட்டு, எங்கே இழுக்கிறது, எங்கே மாட்டுகிறது என்று எழுது. குல்லாவின் கழுத்து நாடாவை இந்த முறை நீளமாக விட்டிருக்கிறேன், அதைக் குறிப்பாகப் பார். எனக்கு ஐஸ் வைக்காதே. நாலாயிரம் பேர் உன் விமர்சனத்தைப் பார்த்துத்தான் பேட்டர்ன் எடுக்கிறார்கள். நீ சரி என்றால்தான் குழுவில் போடுவேன்.

உன்,
கத்தரி அக்கா

ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பள்ளிச் சீருடைகள் வீடெல்லாம் குவிந்து கிடக்கின்றன, உட்காரக்கூட இடமில்லை.

சட்டை பிரமாதம்! தோள் அப்படியே உட்கார்ந்துவிட்டது. "கழட்ட மாட்டேன் போ" என்று மகள் நாள் முழுக்கப் பூங்காவில் அதோடுதான் ஆட்டம். நாடா எங்கும் மாட்டவில்லை. ஐந்து நட்சத்திரமும் போட்டோவும் குழுவில் போட்டுவிட்டேன். நீங்கள் வெட்டியதில் குறை சொல் என்றால் நான் எங்கே போய்த் தேடுவேன்?

உங்கள்,
பாபின்

ஆகஸ்ட் 11

பாபினுக்கு,

அந்தப் பேட்டர்னைக் குழுவிலிருந்து எடுத்து, யாரும் தைக்காதீர்கள் என்று எழுதிவிட்டு, போனை அணைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸ் அந்தச் சட்டையைத் தன் பெண்ணுக்குத் தைத்திருக்கிறாள். போன வியாழக்கிழமை, சறுக்குமரத்தின் உச்சியில் பலகை இடுக்கில் நாடா மாட்டிக்கொண்டது. பிள்ளை அப்படியே சறுக்க, நாடா கழுத்தை இறுக்கிவிட்டது. கீழே நின்றவர்கள் ஏறுவதற்குள் உயிர் போய்விட்டது.

அவளே எனக்குப் போன் செய்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒன்றுதான் கேட்டாள். "நாள் முழுக்க பார்க்ல ஆடுச்சுன்னு ஒருத்தங்க எழுதியிருந்தாங்களே, அந்தக் குழந்தை மட்டும் எப்படிங்க தப்பிச்சுது? நான் எதைச் செய்யாம விட்டேன்?"

நாடாவைக் குட்டையாக வெட்டினாயா? உள்ளே மடித்துத் தைத்தாயா? சொல். நாடாவை வரைந்தது என் கை, அந்தப் பழியை யார் மேலும் போட மாட்டேன். ஆனால் அவளுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

கத்தரி

ஆகஸ்ட் 20

அக்கா,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். நான் அதைத் தைக்கவே இல்லை. சீருடை வேலையில் நாள் ஓடிவிட்டது. நீங்கள் காத்திருக்கிறீர்களே என்று, கடையில் வாங்கிய சட்டையை மகளுக்குப் போட்டு, முதுகுப் பக்கமாகப் போட்டோ எடுத்தேன். அக்கா வெட்டியதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று பேட்டர்னைப் பிரித்தேன். மடிப்புகூடக் கலையாமல் இருந்தது. தைத்து, மகளுக்குப் போட்டுவிட்டு, கையை நீட்டியபடி கூடவே நடந்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அலமாரிக் கைப்பிடியில் நாடா மாட்டியது. "அம்மா, யாரோ என்னைப் பிடிச்சு இழுக்கறாங்க" என்று சிரித்தாள்.

அக்கா, உங்கள் காலில் விழுகிறேன். குழுவில் சொல்லிவிடாதீர்கள். தையலை நம்பித்தான் என் வீடு இருக்கிறது. நான் நாடாவை உள்ளே மடித்துத் தைத்தேன் என்று அந்த நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.

பாபின்

ஆகஸ்ட் 29

பாபினுக்கு,

நீ மடித்துத் தைத்தாய் என்று சொன்னால், மடிக்காமல் விட்டது நான்தானே என்று அந்தத் தாய் ஆயுசுக்கும் நினைப்பாள்.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். தையல் மெஷினை அறை மூலையில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள். "அந்தக் குழந்தை அதைப் போடவே இல்லம்மா" என்றேன். "அப்ப நான் எதையும் விட்டுடலையா?" என்றாள். "இல்லம்மா" என்றேன். அதற்கப்புறம்தான் அழுதாள்.

என் பங்கை நான் குழுவில் எழுதிவிட்டேன். உன் பங்கை உன் ஐந்து நட்சத்திரத்துக்குக் கீழே நீயே எழுது. எழுதினாலும் எழுதாவிட்டாலும் இனி எனக்குக் கடிதம் போடாதே.

நீ தைத்த சட்டையிலிருந்து நாடாவை உருவிவிட்டாயா? இல்லையென்றால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதைச் செய்.

கத்தரி