பேக்ஸ்பேஸ் அழிக்காத எழுத்து

இன்று காலை பேக்ஸ்பேஸைத் தட்டினேன், எழுத்து அழியவில்லை. பதிலுக்குத் திரையில் ^H என்று விழுந்தது. உன் ஞாபகம் வந்துவிட்டது, நண்பா. நீ போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது.

பூண்டுக் கிடங்கின் பதிவை, நீ அமைத்துத் தந்த அதே கறுப்புத் திரையில்தான் இன்னும் ஓட்டுகிறேன். படம் கிடையாது, எழுத்து மட்டும். போன வாரம் ஒரு திண்டுக்கல்காரர் வந்து, புது லேப்டாப்பிலிருந்து அதற்குள் நுழைய வழி செய்து கொடுத்தார். இப்போது போனில் கேட்டால், "பழைய சிஸ்டம் சார், மொத்தமா மாத்திருங்க" என்கிறார். புதுசை விற்க வேண்டும் என்றால் பழசைக் குறை சொல்லத்தான் வேண்டும். நானும் வியாபாரிதானே.

உன்னையும் ஒருமுறை இப்படித்தான் சந்தேகப்பட்டேன். கிளாவரை ஊர் விவசாயி ஒருவர் தன் விதைப்பூண்டை எடுக்க வந்து நின்றார். பட்டியலில் பெயர் தெரிகிறது. தேடினால் அப்படி ஒரு பெயரே இல்லை என்கிறது. தேடிக் கிடைத்தால்தான் சீட்டு வரும். "மழைக்கு முன்ன நடணும்ங்க, வெரசா குடுங்க" என்று அவர் நச்சரிக்க, ஓடி வந்த உன் மேல் பாய்ந்தேன்.

"நீ இல்லாம ஓடக் கூடாதுன்னு நீயே வச்ச ஆப்புதானே இது?"

ஒளிந்திருக்கும் குறிகளும் தெரியும்படி அந்தப் பெயரைத் திரையில் கொட்டினாய். நடுவில் ஒரு தப்பெழுத்து, அதை ஒட்டி ^H.

"பதிஞ்சது யாரு மொதலாளி?"

நான்தான். தப்பாகத் தட்டி, பேக்ஸ்பேஸ் அடித்து, சரியானதைத் தட்டியிருந்தேன். அப்போதெல்லாம் திரையில் அடையாளம்கூட விழாது. அழிந்த மாதிரியே காட்டும். உள்ளே எல்லாம் அப்படியே கிடந்திருக்கிறது.

"பட்டன் ஒண்ணை அனுப்புது, மெஷின் வேற ஒண்ணுக்குக் காத்துக் கெடக்கு. இதுல என்னைய ஏன்டா திருடனாக்குறே?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். ஆனால் வைத்த டீயைத் தொடாமல் இறங்கிப் போனாய்.

இன்று திண்டுக்கல்காரரைத் திட்டுவதற்கு முன், நீ காட்டித் தந்தபடி stty erase என்று தட்டி, கன்ட்ரோல்-வி, அடுத்து பேக்ஸ்பேஸ் அழுத்தினேன். எந்தப் பட்டன் அழிக்கும் என்று மெஷினுக்குச் சொல்லும் ஒரே வரி, சரியாகிவிட்டது. போனில் அவரிடம் சொன்னேன். "அப்படியா சார்? எனக்குத் தெரியாதே!" என்றார். தெரியாதா, தெரியாத மாதிரியா? எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஆனால் வாயை விடவில்லை.

நீ டீ குடிக்காமல் போன மறுநாள், காலை வெள்ளனே நாயுடுபுரத்தில் உன் வாசலுக்கு வந்தேன். "மன்னிப்பெல்லாம் வேணாம். பேச்சுன்னா பேச்சா இருக்கணும்" என்றாய். பேசி முடித்தோம்: கூப்பிட்ட அன்றே நீ வருவாய், நான் யார் மேல் சந்தேகப்பட்டாலும், முதலில் என் விரல் என்ன தட்டியது என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.