இலவசமாக வந்த இரண்டாவது ஹீட்டர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் வாயால் கேட்டால்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வரும். மற்றதைப் படிக்கும் முன் இதைச் செய். நான் அனுப்பிய பார்சல் வந்திருந்தாலும் சரி, இனி வந்தாலும் சரி, அதிலுள்ள ஹீட்டரைப் பிளக்கில் செருகாதே, ஏற்கெனவே செருகியிருந்தால் மெயினை அணைத்துவிட்டுப் பிடுங்கு. உன் அறைத்தோழியிடமும் சொல், நீ டூட்டிக்குப் போன நேரத்தில் குளிருக்கு ஆசைப்பட்டு அவள் போட்டுவிடப் போகிறாள்.

விடுமுறைத் தள்ளுபடி என்று கடைத்தெரு முழுக்கச் சிவப்பு அட்டை தொங்குகிறது, அதைப் பார்த்தால் என் கால் தானாகத் திரும்பிவிடும் என்று உனக்குத் தெரியாதா. போன தள்ளுபடியில் வாங்கிய ஆறு வாளி மூடி வீட்டில் வாளியே இல்லாமல் கிடக்கிறது என்று அம்மா கூடவே வந்து சொன்னாள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று ரூம் ஹீட்டர் அடுக்கியிருந்தார்கள். அதோடு விட்டேனா, இன்னும் குறையுங்கள் என்று முக்கால் மணி நேரம் நின்றேன். கடைக்காரர் சலித்துப்போய், "கேரண்டி வேணாம்னா சொல்லுங்க சார், இன்னும் கொறச்சுத் தரேன்" என்றார். நானும் ஜெயித்துவிட்டவன் மாதிரி கேரண்டிச் சீட்டைத் திருப்பி நீட்டினேன். முப்பது வருஷம் தொழிற்சாலைக்குச் சாமான் வாங்கிக் கொடுத்தவன், ஒரு போல்ட்டில் விரிசல் இருந்தால் மூட்டையோடு திருப்பி அனுப்பியவன், எனக்குப் பாதிவிலை என்று பட்டப்பெயர் வைத்தவர்கள்கூட என் சரக்கைக் குறை சொன்னதில்லை. அன்றைக்குப் புத்தி எங்கே போனதோ. அங்கே குளிர் தாங்கவில்லை என்றாயே என்று இலவசமாக வந்ததை அன்றே உனக்குப் பார்சல் கட்டிவிட்டேன்.

நேற்று மத்தியானம் அம்மா இருமலோடு படுத்திருந்தாள், ஹீட்டரைப் போட்டுவிட்டுக் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது, பக்கத்து வீட்டில் ஏதோ எரிக்கிறார்கள் என்று இன்னொரு பக்கமும் படித்தேன். உள்ளே போனால் ஒயர் உருகித் திரைச்சீலையில் தீ பிடித்திருந்தது. அம்மாவை இழுத்து வெளியே விட்டு, மெயினை அணைத்து, போர்வையை நனைத்துப் போட்டு அணைத்தேன். அவளுக்கு ஒன்றுமில்லை, என் முன்கையில் கொஞ்சம் கொப்புளம். அவள் இருமி முடித்ததும் முதலில் கேட்டது, "அவகிட்ட ஒண்ணு இருக்கே. அவ ரூம்ல ஜன்னலே தெறக்காதுன்னாளே" என்றுதான். அதிலிருந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை எனக்கு.

உங்கள் சுரங்க முகாமில் சனிக்கிழமை மட்டும்தானே உன்னிடம் போனில் பேச முடியும், இன்றைக்குத் திங்கள். முகாம் ஆபீசுக்குப் போன் போட்டால் யாரோ, "சொல்லிடறோம் சார்" என்று வைத்துவிட்டார், உன் பேரைக்கூடக் கேட்கவில்லை. தபால் ஆபீசில் பார்சலை நிறுத்தச் சொல்லி ஒரு பாட்டம் அழுதேன். கவுன்ட்டரிலிருந்த பெண்மணி, "போன பார்சல் போனதுதாங்க, வியாழக்கிழமை சேந்துடும். அவசரத் தபால்ல லெட்டர் போடுங்க, புதன்கிழமையே போயிடும்" என்றார். அங்கேயே நின்று எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

இனி எது மலிவாக வந்தாலும், எதை விட்டுக்கொடுத்ததால் மலிவு என்று கேட்டுவிட்டு வாங்கு. என்னால் சொல்ல முடிந்த புத்தி இவ்வளவுதான். வேளைக்குச் சாப்பிடு, குளிருக்கு இரண்டு போர்வை போர்த்திக்கொள். கடிதம் கிடைத்ததும் ஆபீசில் கெஞ்சியாவது ஒரு நிமிடம் பேசிவிடு. நீ நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும் தாயே, எங்களுக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

அவசரத் தபாலுக்கு என்ன கட்டணம் என்று கவுன்ட்டர் பெண்மணி சொன்னார். கேட்ட காசைக் கொடுத்துவிட்டேன், குறைக்கச் சொல்லவில்லை. இதைவிடச் சீக்கிரம் போக இன்னும் அதிகமாக ஏதாவது கட்டலாமா என்றுதான் கேட்டேன்.

உன் அப்பா