கல்வெட்டில் ஏறிய ஒரு வரி

மச்சாள்,

உங்கள் நினைவாக அடிப்பித்த கல்வெட்டுப் புத்தகம் அச்சிலிருந்து வந்து குசினி மேசையில் இருக்கிறது. மை மணம் இன்னும் போகவில்லை. நாளைக்கு உங்கள் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக்கு வருகிற ஆட்களுக்குக் கொடுக்க வேண்டும்.

அதுக்கு முதல் பிள்ளைகளின் புதினம். நீங்கள் அதைத்தானே முதலில் கேட்பீர்கள். என் மூத்த பேரனுக்கு மிசிசாகாவில் எஞ்சினியர் வேலை கிடைத்துவிட்டது. அடுத்தவன் லைசென்ஸ் எடுத்து, என்னைக் கோயிலுக்குக் காரில் கொண்டுபோகிறான். விட்பியில் உங்கள் பேத்தி வயலின் போட்டியில் முதலாவதாக வந்தவள். என் சின்னப் பேத்தி யூனிவர்சிட்டியில் இங்கிலிஷ் இலக்கியம் படிக்கிறாள். "ஏன் டொக்டருக்குப் படிக்கேல்லை?" என்று இங்கே மல்வேர்னில் எங்கள் சனம் முழுக்கக் கேட்கிறது. கேட்கட்டும்.

நீங்கள் கண்மூடிய கிழமை அவள் லைப்ரரிப் புத்தகங்களை மடியில் அடுக்கிக்கொண்டு சொன்னாள்:

"அம்மம்மா, இங்கிலாந்தில முதல் முதல் நாவல் எழுதின பொம்பிளையள் கனபேர் தங்கட நேம் போடேல்லை. பிறகு வந்த சிலர் ஆம்பிளைப் பேர் வைச்சவை."

"ஏன் பிள்ளை?"

"பொம்பிளை லவ் பற்றி எழுதினா, அது அவளின்ர சொந்த லைஃப் எண்டு ஆக்கள் கதைப்பினமாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இதையே நீங்கள் ஊரில் அடுப்படியில் இருந்து சொன்னீர்கள். "நான் எழுதினா என்ர கதை எண்டுவினம். தம்பி எழுதினா கற்பனை எண்டுவினம்." தம்பி என்றது உங்கள் கூடப்பிறந்தவரை, என் மனிசனை. கதை உங்களுடையது, பத்திரிகையில் வந்த பெயர் அவருடையது. ஊர் புகழும்போது அவர் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு தலையாட்டுவார். நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பீர்கள்.

ஐந்தாம் வகுப்போடு என்னை மறித்துவிட்டார்கள். ஆனாலும் எழுதியதை எனக்குத்தான் முதலில் வாசிப்பீர்கள். ஒருநாள் நான் தேங்காய் துருவிக்கொண்டே, "கதையில வாற அந்தப் பெட்டை அடிச்சவனிட்டையே ஏன் திரும்பிப் போறாள்?" என்று கேட்டேன். நீங்கள் தாளைக் கிழித்தீர்கள். அடுத்தநாள் எழுதிய தாளில் அவள் பஸ் ஏறித் தையல் படிக்கப் போனாள். "நீர் இன்னும் ரெண்டு வகுப்புப் படிச்சிருந்தா என்னை எழுதவே விட்டிருக்கமாட்டீர்" என்றீர்கள்.

பெண்களைப் படிப்பிக்காமல் விட்டுவிட்டு அவர்களுக்குப் புத்தியில்லை என்று சொல்லாதேங்கோ என்று இங்கிலாந்தில் ஒரு மனுசி அந்தக் காலத்திலேயே எழுதினாவாம். பேத்தி சொன்னபோது அந்தத் தேங்காய்தான் ஞாபகம் வந்தது.

பிறகு உங்கள் மகன் கல்வெட்டுக்கு எழுதிக்கொண்டு வந்து வாசித்தான். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்னாரின் தமக்கை.

"அம்மா கதை எழுதினதைக் காணேல்லையே, மகன்?"

"மாமி, அம்மா கொஞ்சம் உதவி செய்தவ எண்டு தெரியும். ஆனா மாமாவின்ர கல்வெட்டில எழுத்தாளர் எண்டு போட்டாச்சு. இப்ப மாத்தினா செத்த மனிசனைக் கள்ளன் எண்டெல்லோ சொல்லுவினம்?"

"ரெண்டு பேரையும் போடலாம்தானே, சித்தப்பா?" என்றாள் பேத்தி.

"உனக்கு இது யூனிவர்சிட்டிக்கு எழுதுற கட்டுரை. எங்களுக்கு மானம்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, மச்சாள். ஆனால் என் மனிசன் கள்ளன் இல்லை. நீங்கள் கேட்டுத்தான் பெயரைத் தந்தவர். மழைக்குள்ளும் உங்கள் கதையைச் சட்டைக்குள் வைத்துத் தபாற்கந்தோருக்குச் சைக்கிளில் போனவர். அந்தப் பெயரில் கறை விழுந்தால் எனக்குத்தான் வலிக்கும். ஆனாலும் உண்மை தெரியட்டும் என்று உங்கள் மகனுக்கு அந்தத் தேங்காய் துருவின நாளின் கதையைச் சொன்னேன்.

அவன் எழுதிக்கொண்டு வந்த தாளை மேசையில் வைத்தான். பிறகு, "அப்ப அந்தப் பெட்டையைப் பஸ்ஸில ஏத்தினது அம்மாவோ?" என்றான்.

"ஓம். என்ர மனிசன்ர மானத்துக்கு நான் பொறுப்பு. எழுது."

நான் சொல்லச் சொல்ல எழுதினான்: "தம்பியின் பெயரில் வந்த கதைகள் அனைத்தும் இவர் எழுதியவை. அவற்றை நனையாமல் தபாலில் சேர்த்தவர் அந்தத் தம்பி."

இப்போது பேத்தி அந்த நாவல்களைத் தமிழாக்கி எனக்குச் சொல்கிறாள். நான் இடையில் மறித்து, "ஏன் திரும்பிப் போறாள்?" என்று கேட்கிறேன். உங்கள் கதைகளைக் கேட்டு வந்த பழக்கம், போகாது.

ஒரு குறை. உங்களைத் தனியாக எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அட்டையில் இருப்பது கலியாணப் படத்திலிருந்து வெட்டியது, ஓரத்தில் உங்கள் மனிசனின் தோள் தெரிகிறது. அங்கே படம் எடுக்கிறவை யாரும் இருந்தால், தனிய நிண்டு ஒரு புதுப்படம் எடுத்துத் தபாலில் போட்டுவிடுங்கோ. பின்பக்கத்தில் பெயரை நீங்களே எழுதுங்கோ.