ரோட்டு வாக்கி

அக். 6, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. ஆயுத பூஜை லீவு முடிந்து குவாரி இன்றுதான் திறந்தது. என் வாக்கி-டாக்கி செத்துக் கிடக்கிறது. குமிழைத் திருகினால் 'டிக்' மட்டும். விளக்கு இல்லை, சத்தம் இல்லை.

மேலே பாறையில் வெடிமருந்து வைத்துவிட்டு ஏகாம்பரம் மேஸ்திரி "ரோடு கிளியரா?" என்பார். கீழே ரோட்டில் நான் சிவப்புக் கொடியோடு வண்டிகளை நிறுத்திவிட்டு "கிளியர்" என்றால்தான் வெடி. இன்று பேச்சும் இல்லை, வெடியும் இல்லை. சும்மா நின்ற லாரிக்காரர்கள் என்னைத் திட்டினார்கள். நான் என்னவோ வேண்டுமென்றே செய்த மாதிரி.

வாக்கி செட்டுகளைச் சாயங்காலம் சார்ஜில் போடுவது ஆபீஸ் தேவகி. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து லாரிக்கு டோக்கன் கிழிப்பவள். நாத்தனாருக்கு இங்கே வேலை கேட்டுக்கொண்டிருக்கிறாள். எந்த வேலை? என் வேலைதான், வேறென்ன.

கேட்டேன். "போட்டேன்டி சரளா, பச்ச லைட்டு எரிஞ்சிக்கினுதான் இருந்துச்சு" என்றாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

வாங்க: சோப்பு, பச்சை மிளகாய், கொசுவத்தி.

அக். 7, செவ்வாய்

மேகமூட்டம். முட்டி வலி.

மேஸ்திரி செட்டின் பேட்டரியை என்னுடையதில் போட்டுப் பார்த்தேன். ம்ஹூம். என் பேட்டரியை அவர் செட்டில். ஜோராகப் பேசுகிறது. ஆக, பேட்டரி நல்லது, சார்ஜும் இருக்கிறது. செட்டுதான் கெட்டது. யாரோ கெடுத்தது.

பேட்டரி உட்காரும் குழியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருக்கிறது. துரு. துரு என்றால் தண்ணீர். பூஜைக்காக எல்லாச் செட்டையும் கழற்றி ஈரத்துணியால் துடைத்தது யார்? தேவகி. மற்ற செட்டெல்லாம் பேசும்போது என்னுடையது மட்டும் ஏன்?

வீட்டில் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். ஈரம் இழுக்கும் என்கிறார்கள்.

அக். 8, புதன்

அரிசி வைத்தியம் பலிக்கவில்லை. சோற்றில் பிளாஸ்டிக் வாடை வேறு.

வெள்ளிக்குள் செட்டு சரியாகாவிட்டால் கொடிக்கு ஆளே வேண்டாமாம். மேஸ்திரி சொல்கிறார். "சங்கு ஊதிட்டு வெடிச்சா போச்சு. இன்னாத்துக்கு ரோட்டுல ஒரு ஆளு?" செங்கல்பட்டு பஸ் பாட்டு அலறிக்கொண்டு வரும். அதற்குள் சங்கு கேட்குமா? அதைவிட, எனக்கு இதை விட்டால் வேறு வேலை ஏது.

பயம். பயத்தில் வாய் நீண்டுவிட்டது. "தேவகிதான் தண்ணி ஊத்திக் கெடுத்துட்டா. நான் பாத்தேன்" என்றேன். பார்க்கவில்லை.

மேஸ்திரி ஆபீசுக்குள் போனார். சத்தம் வெளியே கேட்டது. அவள் அழுதிருப்பாள். அழட்டும்.

அக். 9, வியாழன்

தூறல். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம், பாஷா பாய் செல் ரிப்பேர் கடை. பேட்டரியைக் கழற்றினார். ஊசியால் சுரண்டினார். மோந்து பார்த்தார்.

"இன்னாம்மா, செட்டுக்குச் சந்தனம் பூசி வெச்சிக்கினு கீறீங்க?"

"துரு பாய் அது."

"துரு மணக்குமா? நீயே பாரு."

மணந்தது. பூஜையன்று மேஸ்திரி கையால்தான் பொட்டு. கழற்றிப் போட்ட ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக: ஸ்பேனர், சம்மட்டி, பேட்டரிக்கு ஒன்று, செட்டுக்கு ஒன்று. என் செட்டு குப்புறக் கிடந்திருக்கிறது. பேட்டரி தொடும் பித்தளை முனைகள் மேலேயே தாராளமாக வைத்திருக்கிறார். காய்ந்து மூடிக்கொண்டது.

பாய் பழைய பல் பிரஷால் தேய்த்தார். கீச்சென்று உயிர் வந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

அக். 10, வெள்ளி

மேஸ்திரியிடம் சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"சாமிக்கு வெச்சது கெடுக்குமா? மொதலாளி காதுல வுழுந்தா அபசகுனம்னுவாரு. வாய மூடிக்கினு இரு. ஆபீஸ் சீட்டு இனிமே உனுக்கு. அவ ரோட்டுக்குப் போவட்டும்."

லஞ்சம் என்று தெரிகிறது. உட்கார்ந்துவிட்டேன். ஃபேன் காற்று சுகமாகத்தான் இருக்கிறது.

தேவகி கொடியை எடுத்துக்கொண்டாள். நேற்று கடையிலிருந்து வந்ததும் நானே சார்ஜில் போட்ட செட்டை ஆன் பண்ணினாள், ஆஃப், மறுபடி ஆன்.

"இன்னாடி பாக்கறே?" என்றேன்.

"நீ சார்ஜ் போட்டதாச்சே."

அக். 11, சனி

வெயில். நாஷ்டா இறங்கவில்லை.

மேலே ஒரு செட்டு, ரோட்டில் ஒன்று, ஆபீசில் ஒன்று, முதலாளி காரில் ஒன்று. எல்லாம் ஒரே லைன். ஒருத்தர் பட்டனை அமுக்கிப் பேசினால் எல்லோருக்கும் கேட்கும், அதுவரை மற்றவர் பேச முடியாது. முதலாளியும் வந்திருந்தார். இன்று விட்டால் அப்புறம் சொல்லவே மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

வெடி நேரம். மேஸ்திரி "ரோடு கிளியரா?" என்று கேட்டதுதான், நான் முந்திக்கொண்டேன்.

"ஆபீஸ்லருந்து சரளா. செட்ட தேவகி கெடுக்கல. மேஸ்திரி வெச்ச சந்தனம் அது. அவ தண்ணி ஊத்தனத நான் பாக்கவே இல்ல. பொய் சொன்னேன். அவள திரும்ப ஆபீசுக்கே..."

உளறிக்கொண்டே போனேன். மூச்சு வாங்கப் பட்டனை விட்டேன். உடனே தேவகி, ஓடிக்கொண்டே கத்துகிற குரல்.

"எவடி அவ லைன்ல? வுடுடி லைன! பஸ்ஸு நிக்காம வருது! மேஸ்திரி, வெடிக்காதீங்க, வெடிக்காதீங்க!"

"கிளியர்" வராததால் மேஸ்திரி வெடிக்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். செங்கல்பட்டு பஸ் பாறைக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. படிக்கட்டு வரை ஜனம்.