கால் வைக்க ஒரு சுவர்

என் ரேவதி அக்காவுக்கு,

நேற்று உன் அறைக்குப் போயிருந்தேன். இருங்காட்டுக்கோட்டையில் அந்தச் சந்து அப்படியேதான் இருக்கிறது. மழை விட்டு இரண்டு வாரமாகியும் மாடிப்படிக்குக் கீழே தண்ணீர் நிற்கிறது. உன் இடத்துக்கு வேறொரு பெண் வரப்போகிறாளாம். அதற்கு முன் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வீட்டுக்காரம்மா ஆள் சொல்லியிருக்கிறார். "ரேவதி பெட்டிய எடுத்துக்கினு போம்மா, பெயிண்ட்டு தெறிச்சிடும்" என்று போன் செய்தார். அதனால் போனேன்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கிற இடத்துக்குக் கொடுத்திருக்கிறேன், அக்கா. என் சுபாவம் உனக்குத் தெரியும். பஸ்ஸில் 'இறங்கணும்' என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பிங் வரை போய்த் திரும்பி நடந்து வருகிறவள். இருந்தாலும் இதைத் தனியாக எழுதி மடித்து வைப்பது சரியில்லை. உன்னை நான் யாரோ என்று சொன்னதும் நாலு பேர் முன்னால்தான்.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு இண்டர்வியூ. சென்னையில் ஒரு ஆர்க்கிடெக்ட் அலுவலகம். கல்லூரியில் ஐந்து வருடம் வரைந்ததையும், இன்டர்ன்ஷிப்பில் வரைந்ததையும் ஒரு புத்தகமாகத் தொகுத்து எடுத்துப்போக வேண்டும். போர்ட்ஃபோலியோ என்பார்கள். ஒரு மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் அதில் நீ இருக்கிறாய், பெயர் மட்டும் இல்லாமல்.

முதல் பக்கம் முதல் வருடத்து வேலை. 'ஒரு சிறிய அறையை அளந்து, உள்ளே இருப்பதை ஒன்று விடாமல் வரைந்து வாருங்கள்' என்றார்கள். எனக்குத் தெரிந்த சிறிய அறை உன்னுடையதுதான். பத்தடிக்கு ஒன்பதடி. நீ, வசந்தா அக்கா, லட்சுமி அக்கா, மூன்று பேர், மூன்று ஷிஃப்ட். டேப்பின் மறுமுனையை நீ பிடித்துக்கொண்டாய். "ஆடாம புடிக்கா" என்று உன்னை அதட்டினேன். கேஸ் அடுப்பு, தண்ணீர்க் குடம், மூன்று பெட்டிகள், கொடியில் காயும் நீலச் சட்டைகள், எல்லாம் அளந்து வரைந்தேன். கதவுக்கு எதிர்ச் சுவரில் இருந்த கறுத்த தடங்களை மட்டும் விட்டுவிட்டேன். அழுக்கை வரைவார்களா என்ன, என்று நினைத்தேன்.

அந்தத் தடங்கள் எப்படி வந்தன என்று எனக்குத் தெரியும். ஒரகடத்தில் உன் கம்பெனியில் வயரிங் லைன். ஷிஃப்ட் முழுக்க நின்றபடி வேலை. அறைக்கு வந்ததும் ஷூவைக் கழற்றிவிட்டு, சோறுகூடத் தின்னாமல், பாயைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, இரண்டு காலையும் சுவரில் தூக்கி வைத்துப் படுத்துக்கொள்வாய். "பத்து நிமிசம் என்னாண்ட பேசாத. ரத்தம் கீழ எறங்கட்டும்." உன் பாதம் அப்போது வீங்கி, காலுறை பதிந்த கோடு கணுக்காலைச் சுற்றித் தெரியும். வசந்தா அக்காவும் லட்சுமி அக்காவும் அப்படித்தான். அந்த அறையில் ஒரு பெட்டிகூடச் சாய்த்து வைக்காத ஒரே சுவர் அது. நீங்கள் மூன்று பேரும் பேசிவைத்தது போல அதைக் காலியாக விட்டிருந்தீர்கள். அறையை அளக்கப் போன எனக்கு அது தெரியவில்லை.

அடுத்தது இன்டர்ன்ஷிப் பக்கங்கள். அந்த அலுவலகத்தில் ஆறு மாதம் எனக்குக் கிடைத்த வேலை கழிவறைகளுக்குப் படம் வரைவதும், படத்துக்குள் மனிதர்களை ஒட்டுவதும். கட்டடத்தின் உயரம் புரிய வேண்டும் என்பதற்காகப் படத்தில் ஆட்களை நிற்க வைப்போம். கம்ப்யூட்டரில் அதற்கென்றே ஒரு ஃபோல்டர் இருந்தது. பை மாட்டிய பெண், காபி கோப்பையோடு ஒருவன், நாயைக் கூட்டிக்கொண்டு ஒருவன். ஒரு தொழிலாளர் விடுதிப் படத்தை உன்னிடம் பெருமையாகக் காட்டினேன். நீ கண்ணைச் சுருக்கிப் பார்த்தாய்.

"இவன் யாருடி, நாய் புடிச்சிகினு நிக்கறான்? ஹாஸ்டல்ல நாய உடுவாங்களா?"

"அது சும்மாக்கா. அளவுக்காக."

"ஏன், அளவுக்கு எங்கள மாதிரி ஆளுங்க ஆவாதா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாய். நானும் சிரித்தேன். நாயை மட்டும் எடுத்துவிட்டேன். அவனை எடுக்கவில்லை.

கடைசி வருட ப்ராஜெக்டுக்குப் பெண் தொழிலாளர் விடுதியை எடுத்தேன். சேரப்பணஞ்சேரிப் பக்கம் காலியாகக் கிடந்த ஒரு நிலத்தைத் தேர்ந்தெடுத்தேன். உன் லீவு நாளில், நாள் முழுக்கத் தூங்கியிருக்க வேண்டிய நாளில், ஷேர் ஆட்டோவில் என்னோடு வந்தாய். அங்கேயும் டேப்பின் மறுமுனை உன் கையில்தான். கேட்டைப் பெரிய ரோட்டுப் பக்கம் வைக்காதே, கம்பெனி பஸ் நின்றால் லாரிக்காரன் ஹார்ன் அடித்தே கொல்லுவான் என்றாய். உள்ரோட்டுக்கு மாற்றினேன். அதற்குக் கல்லூரியில் பாராட்டினார்கள். யோசனை யாருடையது என்று நான் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

அறையின் படத்தை வரைந்து முடித்துக் காட்டியபோதுதான் நீ அதைக் கேட்டாய். மூன்று கட்டில், மூன்று அலமாரி, எதிர்ச் சுவரில் அகலமாக ஒரு ஜன்னல். எனக்கு அந்த ஜன்னல்மேல் அப்படி ஒரு பிரியம்.

"ஜன்னல் சோக்கா கீது. ஆனா கால எங்கடி வெச்சிக்கிறது?"

"எந்தக் கால்?"

"எங்க காலுதான். ஒரு சொவுரு சும்மா உடேன். ஒண்ணுமே இல்லாம."

"சும்மா ஒரு சுவர விட்டா ஏன் வேஸ்ட் பண்ணேன்னு கேப்பாங்கக்கா. அதுக்கெல்லாம் டிசைன் பண்ண முடியாது."

"சரி, சரி. நீ படிச்சவ" என்று எழுந்துபோனாய். குத்தலாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னாய். அதுதான் இப்போது தாங்க முடியவில்லை.

கடைசி ஜூரி அன்று, தேர்வாளர்கள் முன்னால் படங்களை மாட்டி விளக்க வேண்டிய நாளில், உன்னை வர வேண்டாம் என்றேன். நிற்க இடமிருக்காது என்று காரணம் சொன்னேன். அது பொய். மற்றவர்களின் அம்மா அப்பாக்கள் காரில் வந்து இறங்கினார்கள். நம் அம்மா அப்பாவால் செய்யாற்றிலிருந்து வர முடியாது என்று எனக்குத் தெரியும். அதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. ஆனால் நீ நைட் ஷிஃப்ட் முடித்து, தூங்காமல், கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் வந்து, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து நின்றாய். நீலச் சட்டை. கழுத்தில் மாட்டும் அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் ஒளித்திருந்தாய். எனக்காகத்தான் ஒளித்தாய் என்று இப்போது தோன்றுகிறது.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் படங்களைப் பார்த்துக்கொண்டே உன்னைத் திரும்பிப் பார்த்தார். "இவங்க?"

ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டியிருந்தது. நாக்கில் இருந்ததும் அந்த வார்த்தைதான். நான் சொன்னது வேறு. "என் கேஸ் ஸ்டடிக்காகப் பேசின தொழிலாளி, சார்."

நீ என்னை ஒரு நொடி பார்த்தாய். அப்புறம் அவர் பக்கம் திரும்பினாய்.

"ஆமா சார். மேடம் ரொம்ப பொறுமையா கேட்டாங்க. எங்க கஷ்டமெல்லாம் எழுதிக்கினாங்க."

அவருக்கு ஒரே மகிழ்ச்சி. அங்கே தங்கப்போகிறவரையே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் பாருங்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். உன்னிடம் கேட்டார், "இந்த ரூம் உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

நீ படத்தைப் பார்த்தாய். அந்தச் சுவரைத்தான் பார்த்தாய், எனக்குத் தெரியும். "ரொம்ப நல்லா கீது சார். ஜன்னல் பெருசா கீது."

நல்ல மார்க் வந்தது, அக்கா. உன்னை அழைத்து வந்ததற்காகவும் சேர்த்துத்தான் வந்தது.

பஸ் ஸ்டாப்பில் நீ கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தாய். "இன்னா மேடம், பாஸா?" என்று தோளில் இடித்துச் சிரித்தாய். அப்போது கேட்டிருக்கலாம், ஒரு மன்னிப்பு. பஸ் வர இருபது நிமிடம் ஆனது. நான் ஜூஸைக் குடித்து முடித்தேன். அதன் பிறகு எனக்கு அதுவே பெயராகிவிட்டது. மேடம் சாப்ட்டாங்களா, மேடத்துக்கு வேலை கெடச்சிதா. ஒவ்வொரு முறையும் சிரிப்பேன். ஒவ்வொரு முறையும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருப்பேன். நீ விளையாட்டுக்குத்தான் சொன்னாயா? இல்லை, நானாகச் சொல்லும்வரை ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தாயா?

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. "ஒண்ணும் இல்ல மேடம், மாத்திரை போட்டுகினேன். நீ உன் வேலைய பாரு" என்றாய் போனில். அதுதான் கடைசிப் பேச்சு. நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உனக்கு நினைவில்லை. ஐந்தாம் நாள் போய்விட்டாய். அங்கே ஒரு படிவத்தில் 'நோயாளிக்கு உறவு' என்ற இடத்தில் 'தங்கை' என்று எழுதினேன். அதைப் படிக்க உனக்குக் கண் திறக்கவில்லை.

நேற்று போனபோது அறையில் வசந்தா அக்கா மட்டும் இருந்தார். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் என்றேன். உன் பெட்டியை எடுத்து வாசலில் வைத்தேன். கிளம்ப வேண்டியதுதான். ஆனால் அவர் பாதத்துக்குப் பக்கத்தில், சுவரில் அந்தத் தடங்கள் இருந்தன. பையில் டேப் இருந்தது.

"இன்னா புவனா, சொவுத்த அளக்கற?"

"இந்தக் கால் தடமெல்லாம், அக்கா. நாளைக்குப் பெயிண்ட் அடிச்சிடுவாங்க."

அவர் சிரிக்கவில்லை. எழுந்து டேப்பின் மறுமுனையைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "கீழ கீறது என்னுது. நான் குள்ளம். மேல கீறது லட்சுமி. நடுவுல கீது பாரு, அது ரேவதி." உன் குதிகால் தரையிலிருந்து எண்ணூற்று எழுபது மில்லிமீட்டர். இரண்டு தடமும் ஒரே மட்டத்தில் இல்லை. இடது கொஞ்சம் கீழே, அந்தக் காலை முழுசாகத் தூக்க முடியாததுபோல. உனக்கு இடது கால்தான் அதிகம் வலிக்கும் என்பது எனக்கு நேற்றுதான் தெரிந்தது.

நான் எழுதிக்கொண்டிருந்தபோது வசந்தா அக்கா சொன்னார், "உன் காலேஜுக்கு போயிட்டு வந்தாளே, அன்னிக்கு தூங்கவே இல்ல. ஒரே பேச்சு. 'என் தங்கச்சி அத்தினி பேரு முன்னால என் கைய புடிச்சி, இது எங்க அக்கான்னு சொன்னாடி'ன்னா. லைன்ல ஒருத்தர உடல, எல்லார்கிட்டயும் சொன்னா. சூப்பர்வைசர்கிட்ட கூட."

நான் டேப்பைச் சுருட்டினேன். வேறு என்ன செய்வது? உண்மையை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. நீ எனக்காகச் சொன்ன பொய்யை உடைக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை. இப்போது இங்கே எழுதிவிட்டேன். வசந்தா அக்காவும் படிப்பார். படிக்கட்டும்.

என் அறைக்குத் திரும்பியதும் விடுதிப் படத்தைத் திறந்து, ஜன்னலைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றினேன். வெளிச்சம் ஒன்றும் குறைந்துவிடவில்லை, அக்கா. அரை மணி நேர வேலை. அன்றைக்கு முடியாது என்றேனே, அதற்கு ஆனது அரை மணி நேரம். எதிர்ச் சுவரைக் காலியாக விட்டேன். துடைத்தால் அழுக்குப் போகிற வழவழப்பான பூச்சு என்று குறித்திருக்கிறேன், யாரும் உங்களைத் திட்டாமல் இருக்க. ஃபோல்டரிலிருந்து எடுத்து ஒட்டியிருந்த ஆட்களை நீக்கினேன். பாயில் படுத்து, இரண்டு காலையும் சுவரில் தூக்கி வைத்த ஒரு பெண்ணைக் கையால் வரைந்தேன். குதிகால் எண்ணூற்று எழுபதில், இடது கொஞ்சம் கீழே. மார்க் வாங்கிய பழைய படத்தையும் எடுக்கவில்லை. இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. என் தப்பு தெரியட்டும்.

கேஸ் ஸ்டடிப் பக்கத்தின் அடியில் 'தகவல் தந்தவர்: பெண் தொழிலாளி' என்று இருந்தது. அதை அழித்து உன் பெயரை எழுதியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று பேர் எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். என் குரல் இறங்கிப்போகும். அந்தப் பக்கம் வந்ததும் 'இது யாரு?' என்று கேட்கலாம். கேட்காமல் திருப்பிவிடவும் செய்யலாம். கேட்காவிட்டாலும் நான் கையை வைத்து நிறுத்துவேன். இது எங்க அக்கா, பேர் ரேவதி, இந்தச் சுவரைக் கேட்டது அவங்கதான் என்று சொல்வேன். வேலை கிடைத்தால் அங்கேயும், கிடைக்காவிட்டால் அடுத்த இடத்திலும் சொல்வேன். நீ லைனில் எல்லோரிடமும் சொன்னதை, தாமதமாகவாவது, நடந்ததாக்கிவிடுகிறேன்.

மேடம் இல்லை,
உன் கூடப்பிறந்த தங்கச்சி
புவனா