எந்தக் காவேரி

18-1-99, திங்கள்
பனி. பத்து மணி வரை எதிர் மரம் தெரியவில்லை. விரல் விறைத்து டைப்பிங் பாதி வேகம்.

எஸ்டேட் ஆட்கள் பட்டியலை ஜாவாஸ்கிரிப்டில் ஏற்றி முடித்தாயிற்று. டிவிஷனுக்குள் லைன் வீட்டு வரிசை, வரிசைக்குள் வீட்டு எண், எண்ணுக்கு நேரே ஆள் பெயர். பெயரை அடித்தால் ஒவ்வொன்றாக உள்ளே புகுந்து தேடி வீட்டு எண்ணைச் சொல்லும். மானேஜருக்கு வாயெல்லாம் பல். "இனி ரைட்டரு எதுக்கும்மா?" இத்தனை வருஷம் ஆள் பேரேடு எழுதிவந்த ரைட்டர் காதில் விழும்படியே சொன்னார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம். மறைப்பானேன்.

20, புதன்
ஓய்வு பெற்ற ஆறு பேருக்கு நோட்டீஸ், ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்ய. அதில் ஒருவர் காவேரி. பெயரை அடித்ததும் வந்தது: மேல் டிவிஷன், 3-ஆம் லைன், 4. அடித்துக் கொடுத்தேன்.
அத்தாவுக்கு இருமல் மருந்து. மறக்கக் கூடாது.

22, வெள்ளி
காவேரி அக்கா ஆபீஸ் வாசலில், கையில் நோட்டீஸ். "ஏங்கண்ணு, எனக்கு இன்னும் அஞ்சு வருசம் வேலை இருக்குதே. எதுக்கு ஊட்டைக் காலி பண்ணச் சொல்றாங்க?"

பட்டியலைப் பார்த்தேன். மூன்று காவேரி. முதல் காவேரி கிடைத்ததுமே ரிட்டர்ன், தேடியது போதும் திரும்பு, என்று எழுதியவள் நான்தான். மற்ற இரண்டு வீட்டுப் பக்கம் அது போகவே இல்லை. சேர்வராயன் சாமிக்கும் காவேரியம்மனுக்கும் நேர்ந்து பெற்ற பெண்ணுக்கெல்லாம் இந்த மலையில் காவேரி என்றுதான் பெயர். என் வகுப்பிலேயே நாலு பேர். இங்கேயே பிறந்து வளர்ந்த கழுதைக்கு இது தெரியாதா? ரைட்டரிடம் பெயரைச் சொன்னால், "எந்தக் காவேரிங்க?" என்று கேட்டிருப்பார்.

"விசாரிக்கிறேங்கக்கா" என்றேன். தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை.

23, சனி
திருத்திவிட்டேன். இப்போது மூன்று எண்ணும் வருகிறது. அச்செடுத்து மானேஜரிடம் நீட்டினேன். பார்க்கக்கூட இல்லை. "அந்த ஊட்டை டிரைவருக்குக் குடுத்தாச்சும்மா. கம்ப்யூட்டர் தப்புன்னு முதலாளிகிட்டப் போயி நான் நிக்கட்டுமா? ரிட்டயரான அந்த இன்னொரு காவேரிக்கும் ஒரு நோட்டீசு அடிச்சிரு."
அடித்தேன். எண்ணை மூன்று தடவை சரிபார்த்து. த்தூ.
ரைட்டர் போகிற போக்கில்: "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க."

25, திங்கள்
காவேரி அக்கா செம்மநத்தத்துக்கு, தங்கை வீட்டுக்கு. இனி அங்கிருந்து தினமும் வேலைக்கு நடை. ஜீப்பில் பாத்திரம், பாய், கோழிக்கூடை. ஆபீஸ் முன்னால் நிறுத்தச் சொல்லி இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ மனசுல ஒண்ணும் வெச்சுக்காத சாமி. மெசினு பண்ணுன தப்புதானே?"

"ஆமாங்கக்கா" என்றேன்.